சைனும் கொசைனும்: ஸ்டாக்ஹோமில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அப்பாவும் நலம். சைன் வரைபடத்தையும் கொசைன் வரைபடத்தையும் எப்படிப் பிரித்து அறிவது என்று போனில் நீ கேட்டதற்கு வாயால் பதில் சொன்னால் எனக்குத் திருப்தியாக இருக்காது. இத்தனை வருஷம் கரும்பலகையில் வரைந்து பழகிய கை, அதனால் எழுதுகிறேன். பூஜ்யத்தில் தொடங்கினால் சைன், ஒன்றில் தொடங்கினால் கொசைன் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாய். பரீட்சைக்கு அது போதும். வரைபடத்தை யாராவது கொஞ்சம் தள்ளி வரைந்து கொடுத்தால்தான் சிக்கல்.

புத்தகத்தை மூடிவிட்டு உன் ஊர்ப் பகலைப் பார். ஸ்டாக்ஹோமில் ஜூன் 21 வாக்கில் பகல் பதினெட்டரை மணி நேரம். டிசம்பரில் ஆறு மணி நேரத்தை ஒட்டி வந்துவிடும். மார்ச் 20, செப்டம்பர் 22 வாக்கில் ஏறக்குறைய 12. வருஷம் முழுக்க ஒவ்வொரு நாளின் பகல் நீளத்தையும் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால், மேலே ஏறி, கீழே இறங்கி, மறு வருஷமும் அதே வடிவில் வரும். அந்தக் கோட்டை மார்ச் 20-இலிருந்து வாசித்தால் 12 மணி என்ற நடுக்கோட்டில் தொடங்கி ஏறும்: சைன். ஜூன் 21-இலிருந்து வாசித்தால் உச்சியில் தொடங்கி இறங்கும்: கொசைன். கோடு ஒன்றுதான், எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறோம் என்பதுதான் வேறு. இரண்டுக்கும் இடைவெளி கால் வருஷம், அதாவது 90 டிகிரி. வருஷத்துக்கு 365 நாள், வட்டத்துக்கு 360 டிகிரி. ஆகவே நாளுக்குக் கிட்டத்தட்ட ஒரு டிகிரி என்று வைத்துக்கொண்டால் x அச்சு கஷ்டமே இல்லை.

இப்போது நம் சென்னை. இங்கே நீண்ட பகல் 12 மணி 50 நிமிடத்தை ஒட்டி, குறுகிய பகல் 11 மணி 20 நிமிடத்தை ஒட்டி. நடுக்கோட்டிலிருந்து ஏற்றம் முக்கால் மணிதான். உங்கள் ஊரில் ஆறேகால் மணி. இதைத்தான் புத்தகம் வீச்சு என்கிறது. ஒரு சுற்று முடிய ஆகும் காலம் இரண்டு ஊருக்கும் ஒரே வருஷம். பகல் நீளத்தை y = a sin x + d என்று எழுதினால், நடுக்கோடான d-க்கு ஏறக்குறைய 12, வீச்சான a-க்கு இங்கே 0.75, அங்கே 6.25. அவ்வளவுதான், அதில் வேறு மர்மம் இல்லை.

அப்புறம், பிள்ளைகள் அதிகம் சறுக்குவது வடிவத்தில். ஸ்கேல் வைத்துக் கூரைபோல வரைவார்கள், இல்லையென்றால் அரைவட்டங்களை மேலும் கீழுமாக ஒட்டுவார்கள். இரண்டும் தப்பு. சைன் 30 டிகிரியில் 0.5, 60-இல் 0.866, 90-இல் 1. முதல் முப்பது டிகிரியிலேயே பாதி உயரம் ஏறிவிடுகிறது, கடைசி முப்பதில் மிஞ்சுவது வெறும் 0.134. சென்னையில் மார்ச் 20-க்குப் பின் முதல் மாதம் பகல் ஏறக்குறைய 22 நிமிடம் கூடும், அடுத்த மாதம் 17, மூன்றாம் மாதம் 7 நிமிடம்தான். ஜூனில் பகல் அப்படியே நிற்பதுபோல இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த ஏற்றம் குறைந்துகொண்டே போவதை ஆரியபட்டர் சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன்பே அட்டவணையாக எழுதிவைத்தார். 90 டிகிரியை 24 பங்காக வெட்டி, ஒவ்வொரு பங்கிலும் எவ்வளவு கூடுகிறது என்பதை மட்டும் தந்தார்: 225, 224, 222, 219 என்று தொடங்கி 51, 37, 22, 7 என்று முடியும். எல்லாவற்றையும் கூட்டினால் 3438, அவர் எடுத்துக்கொண்ட வட்டத்தின் ஆரம். எனக்கு இந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும். அந்த 24 எண்களையும் வரிசையாகப் புள்ளி வைத்துப் பார், உச்சியில் தொடங்கி மெதுவாகச் சரிந்து, போகப்போகச் செங்குத்தாக இறங்கும். கொசைன்! சைன் எந்த வேகத்தில் ஏறுகிறது என்பதைச் சொல்வதுதான் கொசைன். சைன் உச்சியில் நிற்கும்போது ஏற்றம் இல்லை, அதனால் கொசைன் பூஜ்யம். ஒன்று மாறும் வேகத்தைக் கணக்கிடும் வகைக்கெழு வகுப்பில் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவார்கள், நீ அவசரப்படாதே.

ஒரு எச்சரிக்கை. உங்கள் ஊர்க் கோடு அப்பழுக்கற்ற சைன் இல்லை, உச்சியிலும் அடியிலும் கொஞ்சம் கூர்மையாக இருக்கும். நம்மூர்க் கோடு வீச்சில் சின்னது என்றாலும் சைனுக்கு மிக நெருக்கம். வடக்கே கிருணாவுக்குப் போனால் கதையே மாறும். அங்கே ஜூனில் சூரியன் மறைவதே இல்லை, கோடு 24-இல் முட்டித் தட்டையாகப் படுத்துவிடும்.

சரி, வீட்டுப்பாடம். ஒவ்வொரு மாதமும் 21-ஆம் தேதிக்கான சூரிய உதயமும் மறைவும் போனிலேயே கிடைக்கும். இரண்டு ஊருக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு புள்ளி, ஒரே தாளில், கையால். கணினியில் போட்டு அனுப்பினால் மார்க் கிடையாது. கிராப் தாள் அங்கே கிடைக்கவில்லை என்றால் சொல், அப்பா அடுத்த வாரம் அனுப்பும் ஊறுகாய்ப் பார்சலில் சேர்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா