பதில் கடமை நியமனங்களும் கேட்கப்படாத மேன்முறையீடுகளும்: அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

உயர் பதவியொன்று வெற்றிடமானால், நிரந்தர நியமனம் கிடைக்கும்வரை ஓர் அலுவலரைப் பதில் கடமைக்கு அமர்த்துவது நிருவாகத்துக்கு அவசியமானது. அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தத் தெரிவில் தனக்கு அநீதி நேர்ந்ததாகக் கருதும் அலுவலர், பயன் தரக்கூடிய காலத்துக்குள் எவரிடம் முறையிடுவது?

அரசியலமைப்பின் 58ஆம் உறுப்புரை, குழுவொன்றோ அதிகாரம் பெற்ற அலுவலரோ பிறப்பிக்கும் பதவி உயர்வு, இடமாற்றம், ஒழுக்காற்று, பதவி நீக்கக் கட்டளைகளுக்கு எதிராகத் தங்களிடம் மேன்முறையீடு செய்யும் உரிமையைத் தருகிறது. பதில் நியமனம் அங்கே பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. இது வெறும் தற்காலிக ஏற்பாடுதானே என்ற ஒற்றை வரியில் முறையீடு ஒதுக்கப்படுவதற்கு இந்த இடைவெளி போதுமாகிறது. அதே ஏற்பாடு திரும்பத் திரும்ப நீடிக்கப்பட்டு, பின்னர் நிரந்தரப் பதவிக்கான நேர்முகப் பரீட்சை நடக்கும்போது, ஏற்கெனவே அந்தக் கதிரையில் இருந்தவரின் அனுபவம் அவருக்குப் பலமாகிவிடுகிறது. சேவை மூப்பில் முன்னிற்கும் மற்றவருக்கோ, அந்த அனுபவத்தைப் பெறும் வாய்ப்பே தரப்பட்டிருக்கவில்லை. என் பார்வையில், பெயரில் தற்காலிகமாக இருப்பது விளைவில் பதவி உயர்வாகவே முடிகிறது.

பதவியில் அமர்த்தப்பட்டவரும் இதனால் எப்போதும் நன்மை அடைவதில்லை. ஆசிரியர் சேவையில் இருந்தபடியே பாடசாலைகளை நடத்திய கடமை நிறைவேற்று அதிபர்கள், அதிபருக்குரிய பொறுப்பு முழுவதையும் சுமந்தும் அதிபர் சேவைக்குள் உள்வாங்கப்படாமல் நீண்ட காலம் போராட நேர்ந்ததை நாடே அறியும்.

2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நிருவாக மேன்முறையீட்டு நியாயசபைக்குத் தங்கள் முடிவுகளை மாற்றவும் நீக்கவும் அதிகாரம் உண்டு. ஆயினும் தங்கள் முடிவு வந்த பின்னரே அங்கு செல்லலாம். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும்; மன்னாரிலோ மட்டக்களப்பிலோ பணிபுரியும் ஓர் எழுதுவினைஞருக்கு அந்தச் செலவும் அலைச்சலும் எளிதில் தாங்கக்கூடியவையல்ல.

ஆகவே, பதில் நியமனத்துக்கு எதிரான முறையீட்டையும் ஏற்கத்தக்கதாகத் தங்கள் நடைமுறை விதிகளில் வெளிப்படையாகச் சேர்க்குமாறு வேண்டுகிறேன். வெற்றிடம் குறித்துத் தகுதியுள்ள அனைவருக்கும் அறிவித்தல் அனுப்பப்பட வேண்டும். சேவை மூப்புள்ளவர் தவிர்க்கப்பட்டால் அதற்கான காரணம் அவருக்கு எழுத்தில் தரப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முறையீடு நிலுவையில் இருக்கும்போது அந்த நியமனத்தை நீடிக்கத் திணைக்களத் தலைவர்களை அனுமதிக்காதீர்கள். முறையீட்டை விரைந்து விசாரிக்க வேண்டிய அவசரம் அப்போதுதான் நிருவாகத்துக்கும் ஏற்படும்.

இவ்வண்ணம்,
அரச அலுவலர் ஒருவர்