பறிக்குக் கட்டம் இல்லை: ஜெனீவா போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஜெனீவாவில் ஒரு நிவாரண அமைப்பில் உனக்கு வேலை கிடைத்திருப்பதாகச் சித்தி சொன்னார்கள். தடா ஊர்ச் சந்தையில் நிற்கிறேன் என்றும் பார்க்காமல் கண் கலங்கிவிட்டது. நீ கிளம்புவதற்குள் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

2004 சுனாமிக்குப் பிறகு பழவேற்காடு ஏரியோரம் கணக்கெடுக்க வந்த வெளிநாட்டுக் குழுவுக்கு மொழிபெயர்த்தது நான்தான். படிவத்தில் படகு, வலை, இன்ஜின் என்று மூன்று கட்டங்கள். என் முன்னால் உட்கார்ந்தவள் ஏரிச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவள். பிடித்த இறாலைப் போடும் பனையோலைக் கூடையான பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நிற்பாள். மீன், இறால் வாங்கவே ஜனம் பயந்த நாட்கள் அவை. அவள் வீட்டில் உலை வைத்து நாலு நாள். பறிக்குக் கட்டம் இல்லை. மூன்றிலும் கோடு போட்டேன். “ஏன்க்கா, எனக்கு ஒண்ணுமே போகலன்னா எழுதுற?” என்று கேட்டாள். படகு வைத்திருந்தவர்களுக்குப் படகு வந்தது.

வந்தவர்கள் நல்லவர்கள், தம்பி. எங்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆனால் படிவம் விமானம் ஏறும் முன்பே அச்சாகிவிட்டது. பணம் கொடுத்தவருக்குத்தான் அவர்கள் கணக்குச் சொல்ல வேண்டும், அவளுக்கு அல்ல.

இது நமக்குப் புதிதில்லை. 1877 பஞ்சத்தில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். சுமார் 450 கிராம்! சென்னையின் சுகாதார அதிகாரி கார்னிஷ் அது உயிர் தரிக்கக் காணாது என்று எதிர்த்து எழுதினார். சுமந்தவர்களை யாரும் கேட்கவில்லை. நம் ஏரியோரம் வரும் அதே பக்கிங்காம் கால்வாயில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு அந்தப் பஞ்ச வேலையில் வெட்டியதுதான்.

2016-இல் நன்கொடை நாடுகளும் பெரிய அமைப்புகளும் இஸ்தான்புல்லில் ஒப்புக்கொண்டன: 2020-க்குள் நிவாரணப் பணத்தில் 25 சதவீதம் உள்ளூர் அமைப்புகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று. நேரடியாகப் போனது அதன் கிட்டேகூட வரவில்லை. ஊர்க்காரருக்குக் கணக்கு வைக்கத் தெரியாது என்ற பழைய சந்தேகம் இன்னும் தீரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

உன்னை வேலையை விடச் சொல்லவில்லை. போ. அங்கே உன் கைக்கு ஒரு படிவம் வரும். அச்சுக்குப் போகும் முன், அது எந்த ஊருக்கோ அந்த ஊர்ப் பெண்கள் நாலு பேருக்கு அவர்கள் பாஷையில் படித்துக் காட்டச் சொல். நம் பக்கத்துக்கானது என்றால் எனக்கு அனுப்பு. தமிழிலும் தெலுங்கிலும் நானே படித்துக் காட்டுகிறேன். அவள் இன்னும் ஏரியில் இறங்குகிறாள்.

அன்புடன்,
அக்கா