செயலாளரின் ஆண்டறிக்கை 2025–26: சொந்த லேப்டாப்பும் அலுவலகப் பிரிண்டரும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

திருப்பூரில் கணக்கு எழுதுவோரும் வரி ஆலோசகர்களும் சேர்ந்த நம் சங்கத்தின் 2025–26ஆம் ஆண்டு அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா, புதிய உறுப்பினர் விவரங்கள் இணைப்பில் உள்ளன. இந்த ஆண்டு நிர்வாகக் குழுவின் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது ஒரே விஷயம். நம் அலுவலகங்களில் வேலை பார்ப்போர் சொந்த லேப்டாப்பைக் கொண்டுவருகிறார்கள், அலுவலகக் கணினிக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் (அதன் திரையைத் தொலைவிலிருந்தே இயக்கும் வசதி) நுழைகிறார்கள், டேலி என்ற கணக்கு மென்பொருளில் பில் போடுகிறார்கள். பிரிண்ட் கொடுத்தால் காகிதம் வருவதில்லை. ஜிஎஸ்டி விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1 போடும் 11ஆம் தேதியையும், வரி செலுத்தும் படிவமான 3பி போடும் 20ஆம் தேதியையும் ஒட்டித்தான் உதவி கேட்டு அழைப்புகள் குவிகின்றன. ஆகவே அறிக்கையின் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

பிரிண்ட் போகும் வழி

எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: பிரிண்ட் எந்தக் கணினியிலிருந்து கிளம்பி எந்த வழியாகப் போகிறது? வழிகள் மூன்று. ரிமோட் டெஸ்க்டாப்புக்குள் கொடுத்த பிரிண்ட், லேப்டாப்புக்குத் திரும்பி வந்து லேப்டாப்பின் பிரிண்டரில் விழலாம். அலுவலக சர்வரே (நாம் நுழையும் அந்த அலுவலகக் கணினியே) நேராக நெட்வொர்க் பிரிண்டருக்கு அனுப்பலாம். அல்லது வேறொரு கணினியில் யுஎஸ்பியில் மாட்டி ஷேர் செய்த பிரிண்டருக்குப் போகலாம். ஒவ்வொன்றிலும் பழுது வேறு, மருந்தும் வேறு. வழி தெரியாமல், பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரை அழித்து அழித்துப் போடுவதில்தான் அரைநாள் போகிறது.

முதல் வழியில் லேப்டாப்பில் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷனைத் திறந்து, ஷோ ஆப்ஷன்ஸ், லோக்கல் ரிசோர்ஸஸ் பக்கத்தில் பிரிண்டர்ஸ் டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். டிக் இருந்தால் உள்ளே பிரிண்டரின் பெயருக்குப் பின்னால் ‘ரீடைரக்டட்’ என்ற சொல்லும் ஓர் எண்ணும் ஒட்டியிருக்கும். அந்த எண் செஷனின் (ஒருமுறை நுழைந்து வெளியேறும் வரையிலான இணைப்பின்) எண். இன்று 2 என்றிருப்பது நாளை 5 ஆகலாம். பிரிண்டரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளும் மென்பொருள், நேற்றைய பெயரைத் தேடி ஏமாந்து நிற்கும். லேப்டாப்பில் வேண்டிய பிரிண்டரை டீஃபால்ட் ஆக்கிவிட்டு, ‘விண்டோஸே டீஃபால்ட் பிரிண்டரை நிர்வகிக்கட்டும்’ என்ற வசதியை அணைத்து, மென்பொருளிலும் டீஃபால்ட் பிரிண்டரையே தேர்ந்தெடுத்தால் இது தீரும்.

டிக் இருந்தும் பிரிண்டர் உள்ளே தெரியாவிட்டால் சர்வரின் ஈவன்ட் வியூவரில் 1111 என்ற எண்ணைத் தேடுங்கள். லேப்டாப் பிரிண்டரின் டிரைவர் சர்வருக்குத் தெரியவில்லை என்பதே அதன் பொருள். வழக்கமாக ‘ஈஸி பிரிண்ட்’ என்ற பொது டிரைவர் இதைச் சமாளித்துவிடும். யாராவது பாலிசியில் (விண்டோஸின் நிர்வாக விதிகளில்) அதை அணைத்திருந்தால் திரும்பப் போட வேண்டும்.

ஆனால் டாட் மேட்ரிக்ஸில் ஈஸி பிரிண்ட் சரிப்படாது. ஜாப் ஒர்க் டெலிவரி சலான் கார்பன் நகலோடு வேண்டும் என்பதால் பனியன் கம்பெனிகளில் டாட் மேட்ரிக்ஸ் இன்றும் இருக்கிறது. ஈஸி பிரிண்ட் பக்கம் முழுவதையும் படமாக்கி அனுப்புவதால் ஊசிகள் ஒரே வரியின் மேல் பலமுறை ஓடும். எழுத்து மங்கும், சலான் நகர நேரமாகும். டேலியின் டிராஃப்ட் முறையோ எழுத்துகளை அப்படியே அனுப்புவது. இரண்டும் ஒத்துப்போகாது. சர்வரிலும் லேப்டாப்பிலும் ஒரே பெயருள்ள அசல் டிரைவரை நிறுவி, சர்வரின் பாலிசியில் ஈஸி பிரிண்டை முதலில் பயன்படுத்த வேண்டாம் என்று வைத்தால் பழைய வேகம் வரும். இதைவிட நல்லது, டாட் மேட்ரிக்ஸை சர்வரிலேயே மாட்டிவிட்டு லேப்டாப் வழியைத் தவிர்ப்பது. எங்கள் பரிந்துரை அதுதான்.

காகித அளவும் கவனிக்க வேண்டியது. புது லேப்டாப்பில் ரீஜியன் அமெரிக்கா என்று இருந்தால் அளவு லெட்டர் என்று போகும். டிரேயில் ஏ4 இருப்பதால் லேசர் பிரிண்டர் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு லெட்டர் காகிதத்துக்குக் காத்திருக்கும். ரீஜியனை இந்தியா என்று மாற்றி, பிரிண்டிங் பிரிஃபரன்ஸில் ஏ4 வையுங்கள். 10×12 அங்குலத் தொடர் காகிதத்துக்கு பிரிண்ட் சர்வர் பிராப்பர்டீஸில் அந்த அளவில் புது ஃபார்ம் உருவாக்க வேண்டும். ஈஸி பிரிண்ட் வழியில் போவதானால் அந்த ஃபார்ம் லேப்டாப்பில் இருக்க வேண்டும், சர்வரில் மட்டும் இருந்தால் போதாது.

இரண்டாம் வழியில் பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்று காட்டும் புகார்தான் அதிகம். பிரிண்டருக்கு மின்சாரம் இருக்கிறது, நெட்வொர்க் விளக்கும் எரிகிறது, கணினி மட்டும் ஆஃப்லைன் என்கிறது. காரணங்கள் பெரும்பாலும் மூன்று. மின்வெட்டுக்குப் பிறகு ரவுட்டர் பிரிண்டருக்கு வேறு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் எண்) கொடுத்திருக்கும். விண்டோஸ், பிரிண்டரைத் தானே தேடிப் பிடிக்கும் டபிள்யூஎஸ்டி போர்ட்டில் நிறுவியிருக்கும். அல்லது ‘தயாரா’ என்று கணினி கேட்கும் எஸ்என்எம்பி நிலைக் கேள்விக்கு பிரிண்டர் பதில் சொல்லாமல் இருக்கும். ரவுட்டரில் பிரிண்டரின் வன்பொருள் எண்ணான மேக் முகவரிக்கு ஐபியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். பிரிண்டர் பிராப்பர்டீஸில் போர்ட்ஸ் பக்கத்தில் புதிய ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட் சேர்த்து அந்த முகவரியைக் கொடுங்கள், ரா முறை, எண் 9100. பிறகு கான்ஃபிகர் போர்ட்டில் எஸ்என்எம்பி டிக்கை எடுத்துவிடுங்கள். ஊழியரின் லேப்டாப்பிலிருந்து மட்டும் பிரிண்டர் எட்டாவிட்டால், அவர் விருந்தினர் வைஃபையில் இருக்கிறாரா என்று கேளுங்கள். அந்த வைஃபையில் ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி ரவுட்டர் தடுத்திருக்கும்.

மூன்றாம் வழியான ஷேர் பிரிண்டர்தான் எங்களை அதிகம் அலைக்கழித்தது. 2021 ஜூலையில் ‘பிரிண்ட்நைட்மேர்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபின் மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் விதிகளைப் படிப்படியாக இறுக்கியது. அந்த ஆகஸ்ட் முதல் ஷேர் பிரிண்டரின் டிரைவரை நிறுவ அட்மின் உரிமை வேண்டும். செப்டம்பர் திருத்தத்துக்குப் பின் 11பி என்று முடியும் பிழை வந்தது. விண்டோஸ் 11, 22எச்2 பதிப்பில் இணைப்பு முறையே மாறியதால் 709 என்று முடியும் பிழை தலைகாட்டியது. 24எச்2 பதிப்பின் புரோவில் கடவுச்சொல் இல்லாத விருந்தினர் ஷேரிங்கை விண்டோஸ் ஏற்பதில்லை. ‘எல்லோருக்கும் திற’ என்று பல ஆண்டுகளாக ஓடிய ஷேர்கள் ஒரே அப்டேட்டில் நின்றது இதனால்தான்.

11பி பிழைக்கு, விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை 0 ஆக்கச் சொல்லும் வைத்தியம் பரவலாகச் சுற்றுகிறது. பிரிண்ட் வரும், மூடிய ஓட்டையும் திறந்துவிடும். வாடிக்கையாளரின் பான், வங்கி விவரங்கள் இருக்கும் கணினியில் அதைச் செய்ய வேண்டாம் என்று குழு உறுதியாகச் சொல்கிறது. இரு கணினிகளையும் முழுமையாக அப்டேட் செய்யுங்கள். ஷேரிங்குக்கென்று கடவுச்சொல்லோடு தனிப் பயனர் கணக்கு உருவாக்குங்கள். பிரிண்டரில் லேன் வசதி இருந்தால் ஷேரிங்கை விட்டு இரண்டாம் வழிக்கு மாறுங்கள். 709 பிழைக்கு ‘கான்ஃபிகர் ஆர்பிசி கனெக்ஷன் செட்டிங்ஸ்’ பாலிசியில் நேம்டு பைப்ஸ் தேர்ந்தெடுக்கலாம். ஊழியர் லேப்டாப் விண்டோஸ் ஹோம் பதிப்பாக இருந்தால் குரூப் பாலிசி எடிட்டரே இருக்காது. அங்கே நேரம் செலவழிக்காமல் ஐபி வழிக்குப் போய்விடுவது நல்லது.

எந்த வழியிலும் பிரிண்ட் வரிசை சிக்கிக்கொள்ளலாம். அப்போது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டியவை: அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் ‘நெட் ஸ்டாப் ஸ்பூலர்’, சிஸ்டம்32 கோப்புறைக்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் கோப்புறையில் இருப்பதை மட்டும் அழித்தல், ‘நெட் ஸ்டார்ட் ஸ்பூலர்’. சர்வரில் செய்யும்போது மற்றவர்கள் கொடுத்த பிரிண்டும் போய்விடும், சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

உள்ளே நுழைய முடியாதபோது

ஹோம் பதிப்பிலிருந்து வேறு கணினிக்குள் போகலாம், ஹோம் பதிப்புக்குள் யாரும் வர முடியாது. அலுவலகக் கணினி புரோவாக இருக்க வேண்டும். புரோவிலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான். இரண்டாமவர் அதே கணக்கில் நுழைந்தால் முதலாமவர் வெளியே தள்ளப்படுவார். விண்டோஸ் சர்வரில் நிர்வாக வேலைக்கு இரண்டு செஷன் உண்டு. அதற்குமேல், பலர் நுழைவதற்கான ஆர்டிஎஸ் உரிமம் வாங்க வேண்டும், அதற்கான சலுகைக் காலம் 120 நாள். சலுகை முடிந்து காலையில் ஒருவரும் நுழைய முடியாமல் போனபின் அழைக்காதீர்கள், நிறுவிய தேதியைக் குறித்து வையுங்கள்.

பின் (PIN) எண்ணைக் கொடுத்தால் ரிமோட் டெஸ்க்டாப் ஏற்காது, கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல்லே இல்லாத கணக்கையும் ஏற்காது. பழைய கடவுச்சொல், விண்டோஸ் கடவுச்சொற்களைச் சேமிக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் தங்கியிருந்தால் திரும்பத் திரும்பத் தவறாகப் போகும். விண்டோஸ் 11, 22எச்2 முதல் புதிதாக நிறுவிய கணினியில் 10 தவறான முயற்சிக்குப் பின் கணக்கு 10 நிமிடம் பூட்டிக்கொள்ளும். சேமித்ததை அழித்துவிட்டு, 10 நிமிடம் பொறுத்து முயலுங்கள். ‘கிரெட்எஸ்எஸ்பி’ என்று பிழை வந்தால் இரு கணினிகளில் ஒன்று 2018இல் வந்த பாதுகாப்புத் திருத்தத்தைப் பெறாமல் இருக்கிறது. அதை அப்டேட் செய்வதுதான் சரியான தீர்வு.

வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் இணைந்தும் சர்வர் எட்டவில்லை என்றால் முகவரித் தொகுதியைப் பாருங்கள். வீட்டு ரவுட்டரும் அலுவலக ரவுட்டரும் 192.168.1 என்றே இருந்தால் லேப்டாப் சர்வரை வீட்டுக்குள்ளேயே தேடும். அலுவலகத்தை 192.168.57 போல அரிதான தொகுதிக்கு மாற்றுங்கள். மாற்றும் நாளில் பிரிண்டர் போர்ட்டுகளையும் மாற்ற மறக்க வேண்டாம்.

மின்வெட்டுக்குப் பிறகு சர்வர் எழாமல் கிடந்தால், கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் மின்சாரம் திரும்பியதும் இயங்கும்படி வையுங்கள். ஸ்லீப்பையும் முழுமையாக அணையுங்கள்.

டிஜிட்டல் கையொப்பத்துக்கான டிஎஸ்சி டோக்கன் பற்றியும் கேட்கிறார்கள். சர்வரில் டோக்கனைச் செருகிவிட்டு வீட்டிலிருந்து நுழைந்தால் அது தெரியாது. டோக்கனை, நம் கையில் இருக்கும் லேப்டாப்பில்தான் செருக வேண்டும், லோக்கல் ரிசோர்ஸஸில் ஸ்மார்ட் கார்ட்ஸ் டிக் இருக்க வேண்டும், டோக்கனின் மென்பொருள் சர்வரிலும் இருக்க வேண்டும். ஸ்கேனர் ரிமோட் டெஸ்க்டாப் வழியே தானாக வராது. லேப்டாப்பில் ஸ்கேன் செய்து கோப்பாகக் கொண்டுபோவதே எளிது.

பாதுகாப்பு

ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட் எண்ணை இணையத்துக்குத் திறந்து வைத்திருப்போர் இன்றே மூட வேண்டும். போர்ட் எண்ணை மாற்றிவைப்பது பாதுகாப்பு ஆகாது, தேடும் நிரல்கள் எல்லா எண்ணையும் தட்டிப் பார்க்கின்றன. 2019 மே மாதம் வெளிவந்த ‘புளூகீப்’ ஓட்டையில் விண்டோஸ் 7இல் கடவுச்சொல் இல்லாமலே நுழைய முடிந்தது. டேலி கோப்புகள், பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேரில் பூட்டப்பட்டால் ஒரு நிதியாண்டே போய்விடும். விபிஎன் வழியாக மட்டும் நுழையுங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. நீட்டிப்பில் சேர்ந்த சொந்தக் கணினிகளுக்கும் 2026 அக்டோபர் 13 வரைதான் பாதுகாப்புத் திருத்தம் வரும்.

சொந்த லேப்டாப் என்பதால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. லோக்கல் ரிசோர்ஸஸில் டிரைவ்ஸ் டிக்கை எடுத்துவிடுங்கள், தேவைப்படும்போது மட்டும் போடுங்கள். வீட்டுப் பிரிண்டர் டீஃபால்டாக இருந்தால் வாடிக்கையாளரின் இருப்புநிலைக் குறிப்பு ஊழியரின் வீட்டில் அச்சாகும். அலுவலகத்துக்கு மட்டும் போக வேண்டிய காகிதத்துக்கு இரண்டாம் வழியே சரி.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வரும் தீர்மானங்கள்: ஒவ்வோர் உறுப்பினர் அலுவலகமும் பிரிண்டர், சர்வர், ரவுட்டர் ஆகியவற்றின் ஐபி முகவரி, டிரைவர் பெயர், நிறுவிய தேதி எழுதிய ஒரு பக்கத் தாளைச் சுவரில் ஒட்டுவது, அதில் கடவுச்சொல் எழுதாமல் இருப்பது, 3389 திறந்திருக்கிறதா என்று சங்கத்தின் குழு நேரில் வந்து பார்க்க அனுமதிப்பது, 10, 19ஆம் தேதிகளில் விண்டோஸ் அப்டேட் ஓடாதபடி தள்ளிவைத்து, கெடு முடிந்த மறுநாள் கட்டாயம் ஓடவிடுவது. இவற்றோடு அறிக்கையையும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்