நோன்பிருந்தால் மட்டும் தீராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யூதர்களின் பாவப்பரிகார நோன்பு நாளான யோம் கிப்பூர் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சுமார் 25 மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத உபவாசம், தோல் செருப்பைத் தவிர்ப்பது, அன்று வெறிச்சோடிக் கிடக்கும் இஸ்ரேல் சாலைகளில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவது எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் அன்று நோன்பிருந்தால் ஆண்டு முழுக்கச் செய்த பாவமெல்லாம் தீரும் என்று முடித்திருக்கிறீர்கள். அங்கேதான் இடிக்கிறது.

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். கடவுளுக்கு எதிராகச் செய்த குற்றத்துக்கு அந்த நாள் பரிகாரமாகும். சக மனிதருக்குச் செய்த குற்றம், அவரைச் சமாதானப்படுத்தும்வரை தீராது. 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் இதற்கு வழிமுறையே எழுதிவைத்தார். பறித்த பொருளைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது, மன்னிப்பும் கேட்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் மசியவில்லையா? மூன்று நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்க வேண்டும். மூன்று முறை அப்படிப் போயும் மனமிரங்காவிட்டால் விட்டுவிடலாம். அப்புறம் பாவம் மன்னிக்காதவர் தலையில். பாடம் சொன்ன குருவாக இருந்தால் மட்டும் இந்தக் கணக்குச் செல்லாது, ஆயிரம் முறையானாலும் போய் நிற்க வேண்டும். ஆள் இறந்திருந்தாலும் விலக்கில்லை. பத்துப் பேரை அழைத்துப் போய்க் கல்லறை முன் நின்று, செய்ததைச் சொல்ல வேண்டும். தெரிந்தோ தெரியாமலோ தவறு செய்திருந்தால் மன்னிக்கவும் என்று எல்லோருக்கும் ஒரே வாட்ஸ்அப் செய்தியைத் தட்டிவிடுகிறவர்கள் இன்று யூதர்களிடையேயும் இருக்கிறார்கள். மைமோனிடிஸ் அதை ஒப்புக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்று காலை ஜெபக்கூடத்தில் வாசிக்கும், பைபிளின் ஏசாயா நூல் 58ஆம் அதிகாரம் இதைவிடச் சூடு. நோன்பு நாளிலேயே வேலையாட்களைக் கசக்கிப் பிழிகிறீர்களே, பசித்தவனோடு சோற்றைப் பகிர்வதல்லவா நோன்பு என்று நோன்பிருப்பவர்களையே கேட்கிறது. வயிறு காய்ந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதையே படித்துக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தவர்களின் துணிச்சலைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

இன்னொன்று, நோன்பு 'அனைவருக்கும் கட்டாயம்' என்று கட்டுரை சொல்வது தவறு. சின்னப் பிள்ளைகளுக்கு நோன்பு இல்லை. உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் இருக்கும் நோயாளி சாப்பிட்டே ஆக வேண்டும். மருத்துவர் தேவையில்லை என்று சொன்னாலும், எனக்குத் தேவை என்று நோயாளி சொன்னால் அவர் பேச்சுதான் எடுபடும் என்கிறது மிஷ்னாவை விரித்துப் பேசும் தல்மூத். அடுத்த இதழில் இந்தத் திருத்தத்தையாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை