எந்த வரிசையில நின்னு கிளம்புச்சுன்னும் போடுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

நம்ம பேப்பர்ல மாட்டுவண்டி பந்தயச் செய்தி வரும்போது முதல் பரிசு யாரு மாடு, எந்த ஊரு, போக வர எத்தனை மைல்னு எல்லாம் போடுதீங்க, சந்தோஷம். ஆனா அந்த வண்டி கிளம்பும்போது எத்தனாவது வரிசையில நின்னுச்சு, ரோட்டுக்கு எந்தப் பக்கம் நின்னுச்சுன்னு ஒரு வரிகூட வர மாட்டேங்குது. குதிரை ரேசுல குதிரை பேருக்குப் பக்கத்துலயே அது எத்தனாவது கேட்டுல, அதாவது கிளம்புத கூண்டுல இருந்து ஓடுதுன்னு நம்பர் போட்டுருவாங்க.

அது சும்மா இல்லங்க. அரைவட்ட வளைவுல ஒரு மீட்டர் வெளிய தள்ளி ஓடுத குதிரை உள்ள ஓடுதத விட 3.14 மீட்டர் கூட ஓடணும், வளைவு பெருசோ சிறுசோ இந்தக் கணக்கு மாறாது, அது ஒரு குதிரை நீளத்துக்கும் மேல. பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியத்துல 400 மீட்டர் ஓட்டம் பாத்திருப்பீங்க, ரெண்டாவது லேன்காரன 7 மீட்டருக்கு மேல முன்னால நிக்க வைக்கிறது இதுக்குத்தான். குதிரைக்கு அந்தச் சலுகை கிடையாது, எல்லாம் ஒரே நேர்கோட்டுலதான் கிளம்பணும். இங்கிலாந்துல செஸ்டர் மைதானம் ஒரு சுத்து ஒரு மைலுக்கு கொஞ்சம்தான் கூட, கிட்டத்தட்ட முழுக்க வளைவு, அங்க உள்பக்க நம்பர் விழுந்தாலே பாதி கவலை தீந்துச்சும்பாங்க. அதுக்காக எல்லா இடத்துலயும் உள்பக்கம்தான் நல்லதுன்னும் இல்ல, அமெரிக்காவுல கென்டக்கி டெர்பிங்கிற பந்தயத்துல 20 குதிரை வரைக்கும் ஓடும், ஒண்ணாம் நம்பர் கேட்டுல நிக்கிற குதிரைய மத்ததெல்லாம் வேலியோட வச்சு அமுக்கிரும், அந்த எடத்துல இருந்து 1986ல ஃபெர்டினாண்ட்ங்கிற குதிரை ஜெயிச்சதுக்கப்புறம் 2025 வரைக்கும் எதுவும் ஜெயிக்கல.

1996ல சென்னை ரேஸ் வழக்குல சுப்ரீம் கோர்ட்டு குதிரைப் பந்தயம் திறமை விளையாட்டுன்னு சொல்லிச்சு, நானும் ஒத்துக்கிடுதேன், ஆனா சீட்டு குலுக்குறதுல விழுத இடமும் கூடச் சேந்துதான முடிவு வருது.

நம்ம ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கத்து ரோட்டுக்கு வாங்க. தார் ரோட்டுல எல்லா வண்டியும் ஒரே வரிசையில நிக்க முடியுமா, பின் வரிசை வண்டிக்கு முன்னால போறவன் விலகுனாத்தான் வழி. அதவிட மோசம் கொடியச் சுத்தித் திரும்புத இடம். ரெண்டு வண்டி சேந்து வந்தா உள்பக்கம் இருக்கவன் கயித்த இழுத்து உள்மாட்ட அடக்கி டக்குனு திரும்பிருதான், வெளிய வந்தவன் சக்கரம் உரசிருமேன்னு ரோட்ட விட்டு மண்ணுல இறங்கி ஏறுதான், மாடு ஓட்டத்த விட்டுட்டு திரும்ப பிடிக்கதுக்குள்ள முன்னவன் போயிருதான். அந்த மாட்ட வருஷம் முழுக்க பருத்திக்கொட்டையும் உளுந்தும் போட்டு வளத்தவங்கள, மாடு சரியில்லன்னு பேசிட்டுப் போறாங்க, இது எவ்வளவு பெரிய அநியாயம்.

அதனால கேட்டுக்கிடுதேன், அடுத்த பந்தயத்துல இருந்து ஜெயிச்ச மூணு வண்டியும் நின்ன வரிசையையும் சேத்துப் போடுங்க. விழா கமிட்டிக்காரங்க சீட்டு குலுக்கின உடனே மைக்குல வாசிச்சு நோட்டுல எழுதி வச்சுட்டா உங்க நிருபருக்கும் சுளுவு. நாலு வருஷக் கணக்கு கையில இருந்தா எந்த ரோட்டுல எந்த எடம் மோசம்னு தெரிஞ்சுரும், அங்க வண்டியப் பிரிச்சு ரெண்டு தடவையா விடவோ, கொடிய அகலமான இடத்துக்கு மாத்தவோ கமிட்டிய கேக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர், பாளையங்கோட்டை