மஜ்ஜைக்கும் வயசு உண்டு

அன்புள்ள ரகு,

நலம்தானே? இத்தனை நாள் பதில் போடாததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். நுரையீரல் புற்றுநோய் மருந்தை 8 வார வயது எலிகளில் பார்க்கும் உன் சோதனைத் திட்டத்தைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

8 வார எலிகளா? அவை இளசுகள் அல்லவா? நுரையீரல் புற்றுநோய் பெரும்பாலும் 65 தாண்டியவர்களுக்கு வருவது. 2024இல் ‘சயன்ஸ்’ இதழில் நோயெதிர்ப்பு ஆய்வாளர் மிரியம் மெராட்டின் குழு காட்டியதை நினைத்துப் பார். கிழட்டு எலியின் எலும்பு மஜ்ஜையை இளம் எலிக்கு மாற்றினால் கட்டி வேகமாக வளர்கிறது. இளம் மஜ்ஜை கிழட்டு எலிக்குள் போனால் வேகம் குறைகிறது. வயதாக ஆக மஜ்ஜைச் செல்களில் மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் டிஎன்எம்டி3ஏ என்ற நொதி குறைகிறது, அழற்சியைத் தூண்டும் ஐஎல்-1 ஆல்ஃபா என்ற புரதம் கூடுகிறது. அதன் தூண்டுதலில் முதிராத மைலாய்டு செல்கள் (மஜ்ஜையில் பிறக்கும் ஒருவகை வெள்ளை அணுக்கள்) கட்டியில் போய்க் குவிகின்றன. இளம் எலியில் மட்டும் மருந்தைப் பார்த்தால் இதில் பாதி உன் கண்ணுக்கே படாது.

மஜ்ஜை மாற்றும்போது இளசுக்கு இளசு, கிழத்துக்குக் கிழம் என்ற ஒப்பீட்டுக் குழுக்களை விட்டுவிடாதே. பழைய மஜ்ஜையை அழிக்க முதலில் கொடுக்கும் கதிர்வீச்சே நுரையீரலைக் கெடுக்கும். அந்தச் சேதம் எவ்வளவு, மஜ்ஜையின் வேலை எவ்வளவு என்று வேறு எப்படிப் பிரிப்பாய்? 8 வாரம் பொறுத்து, கொடுத்த எலியின் செல்லையும் ஏற்ற எலியின் செல்லையும் பிரித்துக் காட்டும் சிடி45.1, சிடி45.2 அடையாளப் புரதங்களை வைத்து ரத்தத்தில் யாருடைய செல் எவ்வளவு என்று பார்த்துவிட்டுக் கட்டியைத் தொடங்கு. நுரையீரல் காற்றறைகளில் இருக்கும் நோயெதிர்ப்புச் செல்களான ஆல்வியோலார் மேக்ரோஃபேஜ்களில் ஒரு பகுதி கதிர்வீச்சுக்குத் தப்பிவிடும், ரத்தத்தை மட்டும் நம்பாதே. டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்கள் முதிர்வதும் ஏற்கும் எலியின் நெஞ்சில் உள்ள தைமஸ் சுரப்பியில்தான். கிழட்டு எலியில் அது சுருங்கிக் கிடக்கும்.

ஐஎல்-1ஐத் தடுக்கும் அனகின்ரா மருந்தைக் கொடுப்பதென்றால் கட்டி தொடங்கும்போதே கொடு. என் மனசை உறுத்துவது இந்த நேரக்கணக்குதான். 2017இல் வெளியான கான்டோஸ் என்ற மருந்து ஆய்வில், மாரடைப்பு வந்த, புற்றுநோய் இல்லாத 10,000 பேருக்கு மேல் பங்கெடுத்தார்கள். ஐஎல்-1 பீட்டாவைத் தடுக்கும் கனகினுமாப் மருந்தைப் பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறைந்தது. முற்றிய நோயில் கீமோவோடு சேர்த்துக் கொடுத்தபோது எடுபடவில்லை. எத்தனை நோயாளிகளின் நம்பிக்கை, ரகு! தாமதம்தான் முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். அந்த மருந்து பீட்டாவை மட்டும் பிடிக்கும், ஆல்ஃபாவை விட்டுவிடும் என்பதும் இருக்கிறது. அனகின்ரா, இரண்டும் போய் ஒட்டும் செல்லின் ஏற்பியையே அடைப்பதால் இரண்டும் நிற்கும். ஆனால் உடம்பில் சில மணி நேரம்தான் தங்கும், ஊசியைத் தினமும் போட வேண்டும். கிழட்டு எலி கனமானது, டோஸை எடைக்கு ஏற்பக் கணக்கிடு.

கடைசியில் அறுத்துப் பார்க்கும்போது மண்ணீரலையும் பார். வயதான கறுப்பு எலிகளுக்குத் தானாகவே லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வரும். எடை குறைந்ததை எல்லாம் நுரையீரல் கட்டியின் கணக்கில் எழுதிவிடாதே. வயதான எலி எத்தனை கிடைக்கும் என்று இன்றே கேட்டுவை. இனிமேல் வளர்க்க ஆரம்பித்தால் இரண்டு வருஷம் போய்விடும்.

அன்புடன்,
மணி