புகார்: உபுண்டுவில் முடியாத பேக்கப்புக்கு "வெற்றி" என்று காட்டும் மென்பொருள்

வாடிக்கையாளர் ஆதரவுப் பிரிவுக்கு,

வணக்கம். உங்கள் பேக்கப் மென்பொருளை ஆண்டுச் சந்தா கட்டி உபுண்டு, ஃபெடோரா, விண்டோஸ் 11 ஆகிய 3 கணினிகளில் ஓட்டுகிறோம். உபுண்டுவில் தினமும் "வெற்றி" என்றுதான் வருகிறது. ஆனால் சர்வரில் ஏறிய டார் கோப்பை, அதாவது பல கோப்புகளை டார் நிரல் ஒன்றாகக் கட்டிய தொகுப்பை, பிரித்தால் பாதியில் அறுந்து நிற்கிறது; நடந்ததைப் பதியும் லாக் கோப்பு 0 பைட். ஃபெடோராவில் இந்தக் கோளாறு இல்லை. இரண்டும் ஒரே இணைய இணைப்பில் இருப்பதால், "இணைப்பு மெதுவாக இருக்கலாம்" என்ற உங்கள் பதில் பொருந்தாது.

ஒரு நிரல் இயங்குதளத்திடம் என்ன கேட்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியைப் போட்டுப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. முழுக் கட்டளையையும் ஒரே வரியாகக் கோத்து, பிற நிரல்களை ஓட்ட உதவும் பைத்தானின் சப்பிராசஸ் வழியாக, கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் ஷெல்லிடம் கொடுக்கிறீர்கள். உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸில் அது எஸ்ஹெச் (sh) என்ற பெயரில் உள்ள ஷெல்லுக்குப் போகும். ஃபெடோராவில் எஸ்ஹெச் என்றால் பாஷ் என்ற ஷெல். உபுண்டுவில் 2006-இல் வந்த 6.10 பதிப்பிலிருந்தே டாஷ் என்ற வேறு ஷெல். உங்கள் கட்டளையின் கடைசியில் &> இருக்கிறது. வெளியீட்டையும் பிழையையும் சேர்த்து லாக்கில் எழுதச் சொல்வதாக பாஷ் அதைப் புரிந்துகொள்ளும். டாஷுக்கோ & தனி, > தனி. அது டாரைப் பின்னணியில் விட்டு, காலி லாக் கோப்பை உண்டாக்கி, வெற்றி என்று பொருள்படும் 0 என்ற குறியீட்டோடு உடனே திரும்பிவிடுகிறது. டார் எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்லோடு தொடங்கிவிடுகிறது. சிறிய ஃபோல்டரில் டார் முந்திக்கொள்ளும் என்பதால் உங்கள் சோதனையில் இது சிக்காமல் போயிருக்கலாம்.

விண்டோஸில் கோளாறு வேறு. ஃபோல்டர் பெயரை ஒற்றை மேற்கோளில் அடைக்கிறீர்கள். விண்டோஸின் ஷெல்லான சிஎம்டிக்கு அது மேற்கோளே அல்ல. "கணக்கு 2024" இரண்டு துண்டாகிறது. "முருகன் & கோ" என்றால் & குறிக்குப் பின்னால் உள்ளதைத் தனிக் கட்டளையாக ஓட்டப் பார்க்கிறது. இது பாதுகாப்பு ஓட்டை, உடனே அடைக்க வேண்டியது.

&> இருக்கும் இடத்தில் > போட்டு, கோப்புப் பெயருக்குப் பின், பிழையையும் அதே கோப்புக்கு அனுப்பும் 2>&1 சேர்த்தால் மூன்றிலும் லாக் சரியாகும்; மேற்கோள் சிக்கல் தீராது. ஷெல்லைத் தவிர்த்து, நிரலின் பெயரையும் அதற்குத் தரும் ஒவ்வொரு ஆர்கியுமென்ட்டையும் (கோப்புப் பெயர் போன்றவை) தனித்தனியாகப் பட்டியலில் கொடுங்கள். லாக் கோப்பை பைத்தானே திறக்கட்டும். டார் முடிந்து, அதன் குறியீடு 0 என்று உறுதியான பிறகே அப்லோடு தொடங்க வேண்டும். விண்டோஸில் கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த பேட் (.bat) கோப்புகளை மட்டும் இப்படிக் கொடுக்காதீர்கள்; அவை எப்படியும் சிஎம்டி வழியாகவே ஓடும்.

15 நாட்களுக்குள் திருத்திய பதிப்பு வேண்டும். இல்லையேல் இந்த ஆண்டுச் சந்தாவைத் திருப்பித் தர வேண்டும். அதற்கு முன், இன்றே, உபுண்டு வாடிக்கையாளர்களுக்கும், எஸ்ஹெச் டாஷாகவே இருக்கும் டெபியன் லினக்ஸ் வாடிக்கையாளர்களுக்கும் எச்சரிக்கை அனுப்புங்கள். சர்வரில் இருக்கும் பேக்கப்பை நம்பி அவர்கள் அசலை அழித்துக்கொண்டிருக்கலாம்.

இப்படிக்கு,
சந்தாதாரர்